பட்டியலில் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள்

சபாச் செயலாளர்களுக்கும், இளையோருக்கான கர்நாடக இசைப் போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

மார்கழி இசை விழாவுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் அலுவலகங்களில் வேலை தொடங்கியிருக்கும் என்று அறிவேன். விண்ணப்பங்கள் வந்து குவியும். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தேர்வு செய்வீர்கள். மதியக் கச்சேரிகளுக்கு யார் யார் என்று அட்டவணை போடுவீர்கள். போட்டிகளுக்கான விதிமுறைத் தாளும் நடுவர்களுக்கான மதிப்பெண் தாளும் அச்சுக்குப் போகும். அவை அச்சேறுவதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேரவேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நான் வயலின் வாசிப்பவன். பெரும்பாலும் பக்கவாத்தியம், அதாவது பாடுகிறவருக்குத் துணையாக வாசிப்பது. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். கூப்பிட்டால் போட்டிகளில் நடுவராகவும் உட்காருகிறேன். இந்த மூன்று வேலைகளிலும் ஒரே விஷயம் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டு மனத்தை அரிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு, அடுத்த நொடி என்ன பாடப்போகிறோம் என்று தெரியாமல் நிற்கும் இடமே இல்லாமல் செய்துவிட்டோம். அந்த இடத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுருதி சுத்தத்திலும் தாளக் கட்டிலும் கைவசமுள்ள உருப்படிகளின், அதாவது பாடல்களின், எண்ணிக்கையிலும் இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகள், என் தலைமுறையில் அந்த வயதில் இருந்த பலரைவிட எவ்வளவோ மேலே இருக்கிறார்கள். அவர்களின் திறமையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தத் திறமை, அறியாத வழியில் ஓர் அடிகூட எடுத்து வைக்காமலேயே பரிசையும் மேடையையும் பெற்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

சில காலம் முன்பு ஒரு போட்டியில் நடுவராக இருந்தேன். பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மோகன ராகத்தில் ஓர் உருப்படி பாடினாள். ஆதி தாளம்: எட்டு அட்சரம் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம்; சுற்றின் தொடக்கம் சமம். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகள் ஒவ்வொன்றும் இடம் தப்பாமல் வந்தன. கல்பனா ஸ்வரத்தை, அதாவது அந்த நொடியில் கற்பனையாகப் பாடவேண்டிய ஸ்வர வரிசைகளை, முதல் காலத்தில் நிதானமாகத் தொடங்கி, இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குப் போய், வரிசைகளைப் படிப்படியாகச் சுருக்கும் குறைப்பு செய்து, முத்தாய்ப்பான கோர்வையோடு முடித்தாள். அரங்கில் கைதட்டல். என்னுடன் நடுவராக இருந்தவர் மூத்த பாடகி. குழந்தையை மனதாரப் பாராட்டிவிட்டு, “அதே வரியில் சமத்திலிருந்து எடுக்காமல், முக்கால் அட்சரம் தள்ளி வருகிற சொல்லிலிருந்து எடுத்து, இரண்டே இரண்டு ஆவர்த்தனம் பாடு கண்ணா, கேட்போம்” என்றார். குழந்தை முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு பார்வையாளர் வரிசையில் இருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். “அது எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமி” என்றாள். குரல் தழுதழுத்தது. பாடகி உடனே எழுந்து போய் அவள் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பினார்.

அவள் பாடிய கோர்வையை இங்கே எழுத விரும்புகிறேன். ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை; எட்டு மாத்திரை கொண்ட ஒரு ஸ்வரக் கோப்பு மூன்று முறை. நடுவில் நான்கு நான்கு மாத்திரையாக இரண்டு கார்வை, அதாவது நீட்டி நிற்கும் இடைவெளி. மூவெட்டு 24, கார்வைகள் 8, மொத்தம் 32. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் அச்சாக 32 மாத்திரை. சமத்தில் தொடங்கினால் சமத்தில் வந்து விழும். முக்கால் அட்சரம் தள்ளிய எடுப்புக்கு, அதாவது வரி தொடங்கும் இடத்துக்கு, இன்னும் மூன்று மாத்திரைதான் வேண்டும். மூன்று கோப்பிலும் ஒவ்வொரு மாத்திரையைக் கூட்டி எட்டை ஒன்பதாக்கினால் 27, அதோடு 8, மொத்தம் 35. எடுப்பு தானாக வந்து நிற்கும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரே ஒரு ஸ்வரத்தைச் சற்று நீட்டினால் போதும். தேவையான எல்லாம் அந்தக் குழந்தையிடம் ஏற்கெனவே இருந்தன: மோகனமும் தாளமும் கோர்வையும். அவற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க அவளுக்கு யாரும் ஒரு தடவைகூட வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அன்று முதல் பரிசு அவளுக்குத்தான். விதிமுறைப்படி அதுவே நியாயம். எங்கள் மதிப்பெண் தாளில் சுருதிக்குக் கட்டம் இருந்தது. தாளத்துக்கும், குருவிடம் கற்ற பாட முறையான பாடாந்தரத்துக்கும் உச்சரிப்புக்கும் குரல் வளத்துக்கும் இருந்தது. அந்த நொடியில் தோன்றுவதைப் பாடும் மனோதர்மத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் நாங்கள் போட்ட மதிப்பெண், அந்த ஸ்வரங்களை வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஆசிரியைக்குச் சேரவேண்டியது.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதுவும் பாதிப் பேருக்குத் திரை வழியாக. பத்து நிமிடப் போட்டி. பரிசு வரவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு ஆசிரியரைத் தேடும் பெற்றோர். இந்த நெருக்கடியில் ஸ்வரங்களை நோட்டில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. தாளமும் சொல்லும் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையைக்கூடப் பிடி பிடியாக, சிறு சிறு ஸ்வரத் தொடர்களாக, பதிவு செய்து அனுப்புகிறார்கள். பிள்ளை அதை அப்படியே ஒப்பிக்கிறது. மேடையில் சாகித்தியத்தைப் பார்த்துப் பாடலாமா என்று ஊரெல்லாம் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒரு சொல் மறந்துபோவது மனித இயல்பு. கல்பனா ஸ்வரத்தைப் பார்த்துப் பாடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெயரிலேயே கற்பனை இருக்கிறதே!

ஆசிரியர்கள் உங்களைப் பார்த்துத்தான் தங்கள் வகுப்பை அமைக்கிறார்கள். நீங்கள் எதற்குப் பரிசு கொடுக்கிறீர்களோ, எதற்கு மேடை கொடுக்கிறீர்களோ, அதையே சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆலாபனை, அதைத் தொடர்ந்து லயத்தோடு ராகத்தைப் பாடும் தானம், ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவல், கல்பனா ஸ்வரம், தாள வாத்தியக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். ஒரு முழுக் கச்சேரியின் பெரும்பகுதி இவைதான். பாடல்களை இயற்றிய வாக்கேயக்காரர்கள் நமக்கு உருப்படிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றைச் சுற்றியுள்ள வெளியை நாமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தார்கள். அந்த வெளியையும் முன்கூட்டி எழுதி நிரப்பிவிட்டால் பாடகர் செய்வதற்கு என்ன மிச்சம்?

பக்கவாத்தியக்காரனின் பிழைப்பே தெரியாமையில்தான் நடக்கிறது. பாடகர் அடுத்து என்ன ராகம் எடுக்கப்போகிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. மூத்த பாடகர் ஒருவருக்கு வாசித்த ஒரு மாலை மறக்கவே இல்லை. மேல் ஷட்ஜத்தில் சற்று நின்றுவிட்டு அவர் மெல்ல இறங்கினார். நிஷாதம், சுத்த தைவதம், பஞ்சமம், மத்தியமம், காந்தாரம், ரிஷபம், ஷட்ஜம். இந்த இறக்கத்தில் பைரவிக்கும் முகாரிக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ஏறும்போதுதான் இரண்டும் பிரியும்: காந்தாரத்தைத் தொட்டு மேலே போனால் பைரவி, ரிஷபத்திலிருந்து நேரே மத்தியமத்துக்குத் தாண்டினால் முகாரி. சாதாரணமாக இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டியதே இல்லை. பாடுகிற நடையும் ஸ்வரம் அசைகிற அசைவும் முதல் பிடியிலேயே ராகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்று அவர் வேண்டுமென்றே எதையும் காட்டவில்லை. மறுபடியும் இறங்கினார். மறுபடியும் அதே வழி.

நான் ஏறும் வழி எதையும் வாசிக்கவில்லை. அவர் போன இடத்துக்கு மட்டும், அரை மூச்சு பின்னால், வில்லை அழுத்தாமல் போய்க்கொண்டிருந்தேன். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. பாடகர் ரிஷபத்துக்கு வந்தார், அங்கே நின்றார், நீண்ட நேரம் நின்றார். பிறகு காந்தாரத்தை விட்டுவிட்டு மத்தியமத்தை எட்டிப் பிடித்தார். முகாரி! அரங்கம் முழுவதும் ஒரே குரலாக “ஆஹா” என்றது. அந்தச் சில நொடிகளில் என் காதுக்கு இருந்த கூர்மை, வீட்டில் எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் வந்ததில்லை. அன்று இரவு நான் வாசித்த முகாரியை அதற்கு முன் நான் வாசித்ததும் இல்லை. இரண்டு நாள் முன்னதாக அவர் தொலைபேசியில், “முகாரி பாடப்போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால், நான் என் பழைய முகாரியை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய் வைத்திருப்பேன்.

இன்று இளையவர்களுக்கு வாசிக்கப் போனால், பட்டியல் ஒரு வாரம் முன்பே வாட்ஸாப்பில் வந்துவிடுகிறது. எந்த உருப்படி, எந்த வரியில் நிரவல், ஸ்வரத்தில் என்ன கோர்வை, எந்த இடத்தில் தனி, எல்லாம் அதில் இருக்கும். ஒத்திகையும் உண்டு. பிள்ளைகள் மரியாதையோடும் பொறுப்போடும்தான் இதைச் செய்கிறார்கள். பயம்தான் காரணம் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இந்த இசை வளர்ந்த இடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காவிரிக் கரைக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்து வெளியே வந்த பிறகு, நேரம் நாகசுரக்காரரின் கையில் இல்லை. எந்த முனையில் சுவாமி நிற்கும், எந்த மண்டகப்படியில் தீபாராதனைக்குத் தாமதமாகும், எப்போது தோள் மாற்றுவார்கள், எப்போது மறுபடி நகரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ராகத்தை விரித்துக்கொண்டே போகவும் வேண்டும். எந்த நொடியிலும் கூட்டி முடிக்கத் தயாராக இருக்கவும் வேண்டும். மணிக்கணக்காகத் தோடி ராகம் வாசித்துக் கேட்டவர்களைக் கட்டிப்போட்ட திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த வீதிகளின் பிள்ளை. அவர் நாகசுரத்தில் கண்டுபிடித்த ஓட்டத்தை ஜி.என். பாலசுப்பிரமணியம் தம் குரலுக்குக் கொண்டுவந்தார். மின்னலாக ஓடும் அந்தப் பிருகாக்கள் கச்சேரி மேடையின் போக்கையே மாற்றின. சுவாமி எங்கே நிற்கும் என்று தெரியாத வீதியிலிருந்து ஒரு நாகசுரம், அதிலிருந்து ஒரு குரல், அந்தக் குரலிலிருந்து ஒரு தலைமுறைப் பாடகர்கள்.

பழைய பாடகர் தோடி சீதாராமய்யரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணமுடை வந்தபோது தம் தோடியை அடகு வைத்தார் என்றும், கடன் அடைந்து மீட்கும்வரை அவர் தோடி பாடவில்லை என்றும் தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ தெரியாது, அதைச் சொல்லிவந்தவர்களின் நம்பிக்கை நிஜம். ஒருவருடைய தோடி அவருக்கே உரிய சொத்து; வேறு எவரிடமும் கிடைக்காது. மனப்பாடம் செய்த தோடியை எந்த ஊரிலும் யாரும் அடகு பிடித்திருக்கமாட்டார்கள்.

நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒன்றரை மணிக் கச்சேரியில் தேடலுக்கு ஏது இடம்? நியாயமான கேள்வி. ஆனால் நேரக் கட்டுப்பாடு மனோதர்மத்துக்குப் பகை அன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துக்கொடுத்த கச்சேரிப் பத்ததியைத்தான் நாம் இன்றும் பின்பற்றுகிறோம்: தொடக்கத்தில் வர்ணம், விறுவிறுப்பான உருப்படிகள், ஆலாபனையோடு பிரதான உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் சிறு உருப்படிகளான துக்கடாக்கள். நெடுநேரம் நீண்ட ஆலாபனைகளையும் பல்லவிகளையும் அவர் அளவோடு சுருக்கினார். சுருக்கினாரே தவிர எடுத்துவிடவில்லை. ஐந்து நிமிட ஆலாபனையிலும் ராகம் முழுதாக நின்றது. 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் இருந்தது. அந்த இடுக்கிலும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி மூச்சு விட்டது. ஆகவே நான் உங்களிடம் நேரத்தைக் கேட்கவில்லை. இருக்கிற நேரத்தில் எட்டு உருப்படிகளைத் திணிக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள் என்கிறேன். ஐந்து பாடட்டும். மூன்று பாடினாலும் குறைந்துபோகாது.

இன்னொரு மறுப்பும் வரும். தேர்ச்சி வராத பிள்ளையை மேடையில் தடுமாற விடலாமா? மனம் உடைந்துபோகாதா? தொடக்கப் பாடமான சரளி வரிசையில் இருக்கும் குழந்தையை யாரும் ஆலாபனை செய்யச் சொல்லவில்லை. பாடாந்தரம் உறுதிப்படாமல் மனோதர்மம் வராது. அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வர்ணங்களும் பெரிய உருப்படிகளும் ஊறிய பிறகுதான் ராகத்தின் பிடிகள் நாவில் தங்கும். நான் பேசுவது, அந்த நிலையைத் தாண்டி, மனோதர்மப் பிரிவில் பெயர் கொடுக்கிற பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் தடுமாறட்டும். தாளம் நிற்காது, எட்டு அட்சரம் தன்பாட்டுக்கு வந்து போகும். தவறவிட்ட எடுப்பு அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடி வரும். ஸ்வரம் கைவிட்டுப் போனால் வயலின்காரர் பிடித்துக்கொள்வார், மிருதங்கக்காரர் கையால் இடம் காட்டுவார். விழுந்தால் தாங்குவதற்கு இத்தனை கைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிற இடம் ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. அங்கே பாடத்தின் பின்பக்கக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் உள்ள பதிலை வரி மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். டியூஷனிலும் அதுவே. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் சொல்லவே வேண்டாம். காலை முதல் இரவு வரை, விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிற கேள்விகளையே நம் பிள்ளைகள் சந்திக்கிறார்கள். ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து, “இந்த இடத்திலிருந்து எப்படிப் போவாய் என்று எனக்கும் தெரியாது, பாடு, கேட்போம்” என்று சொல்லக்கூடிய நேரம் அவர்கள் வாரத்தில் பாட்டு வகுப்பு ஒன்றுதான். அதையும் இன்னொரு டியூஷனாக்கிவிட்டால், தெரியாத நிலை வரும்போது கை நடுங்காமல் இருக்க அவர்கள் எங்கே கற்பார்கள்? இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடகர்கள் ஆகப்போவதில்லை. டாக்டர்களாக, கணக்கர்களாக, அப்பா அம்மாவாக, தெரியாத நிலைகளுக்கு நடுவில்தான் வாழப்போகிறார்கள். பாடகர் ஆகாத பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி இன்னும் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒரு பிடி வாசிப்பேன். பிள்ளை வேறொரு பிடியில் பதில் சொல்ல வேண்டும். நான் வாசித்ததையே திரும்ப வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. தொடக்கத்தில் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள். எழுதிக்கொடுங்கள் சார் என்பார்கள். எழுதிக்கொடுக்கமாட்டேன். ஒரு நாள் காம்போஜி நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்க வழி தேடினான். தேடுகிற விரல் காம்போஜிக்குரிய கைசிகி நிஷாதத்தை விட்டு மேலே நகர்ந்து காகலி நிஷாதத்தைத் தொட்டு, பஞ்சமத்தில் விழுந்து, தைவதம் வழியாக ஷட்ஜத்துக்குத் திரும்பியது. ஸ நி ப த ஸ. வில்லை எடுத்துவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தான். காம்போஜியின் ஏற்ற இறக்கத்தில் காகலி நிஷாதம் கிடையாது என்று அவனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் இந்த ஒரு பிடியில் மட்டும் காம்போஜி அந்த நிஷாதத்தைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள். அவனுக்கு அது தெரியாது. நான் இன்னும் அதைச் சொல்லித்தரவில்லை. தன் காதை மட்டும் நம்பிப் போய் அங்கே சேர்ந்திருந்தான். நான் அதே பிடியைத் திருப்பி வாசித்துக் காட்டியபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை உங்கள் மேடைகளிலும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்தப் பிடியை முதலிலேயே நோட்டில் எழுதிக்கொடுத்திருந்தால் அது அவனுக்கு இன்னுமொரு பாடம், அவ்வளவுதான்.

இனி என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன்.

போட்டிகளில் மனோதர்மப் பிரிவுக்கு வரும் பிள்ளை, தனக்குப் பழக்கமான பத்து ராகங்களின் பெயரை எழுதிக்கொடுக்கட்டும். அவற்றைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போடுங்கள். மேடைக்கு வந்ததும் ஒரு சீட்டை எடுத்து, அந்த ராகத்தில் மூன்று நிமிடம் பாடட்டும். ஸ்வரம் பாடும்போது நடுவர் எடுப்பை மாற்றிக் கேட்கலாம், ஒரு ஸ்வரத்தைச் சொல்லி அதில் நின்று பாடச் சொல்லலாம், தாமே ஒரு பிடி பாடிப் பதில் கேட்கலாம். இவை நடக்கும் என்று விதிமுறைத் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். ஆசிரியர்கள் மறுநாளே வகுப்பில் தொடங்கிவிடுவார்கள். மதிப்பெண் தாளில் புதிதாக ஒரு கட்டம் போடுங்கள். தடுமாறிய பிள்ளை எப்படி மீண்டு வந்தது என்பதற்கு அந்தக் கட்டம். சீராகப் பாடி முடித்ததற்கு எவ்வளவு தருகிறீர்களோ, அதே அளவு இதற்கும் தாருங்கள்.

சபாக்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. மதியக் கச்சேரிகளில் வாரத்துக்கு ஒன்றைப் பட்டியல் இல்லாத கச்சேரியாக அறிவியுங்கள். பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திக்கவேண்டும். பிரதான ராகத்தைப் பாடகர் அங்கேயே முடிவு செய்யட்டும். விரும்பினால் ரசிகர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். பாதியில் எழுந்து போகிறவர்களைப் பற்றிப் பயப்படாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்துவிட்ட ரசிகருக்குத்தான் காபி நினைவு வரும். தெரியாதவர் உட்கார்ந்திருப்பார். அந்த முகாரி வேளையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அந்த ஒரு கச்சேரியைத் தயவுசெய்து பதிவு செய்யாதீர்கள். நேரலையும் வேண்டாம். இதை மிகுந்த அக்கறையோடு கேட்கிறேன். இன்றைய பிள்ளைகள் பரிசோதனை செய்யப் பயப்படுவதற்குக் கேமராவைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் எண்ணம். ஒரு தவறிய கோர்வை அந்த மாலையோடு போய்விடும் என்றால் பதினேழு வயதுப் பிள்ளை துணிந்து இறங்கும். அது ஆயுள் முழுக்க யூடியூபில் கிடக்கும், அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் கருத்து எழுதுவார்கள் என்றால், எந்தப் பிள்ளை துணியும்? மதுரை மணி ஐயரின் (1912–1968) ஸ்வரங்களைப் பதிவுகளில் கேட்டு, அட்சரம் பிசகாமல் பாடுகிற பிள்ளைகளை நான் அறிவேன். கணக்கில் சிக்காமல், தாளத்தின் இயல்பான ஓட்டமான சர்வலகுவில் அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே போகும் ஸ்வரங்கள் அவை. அந்த நொடியில் அவருக்குத் தோன்றியவை. அவற்றைப் படியெடுக்கும் பிள்ளைக்கு அவருடைய ஸ்வரம் கிடைக்கிறது. ஸ்வரம் தோன்றும் அந்த நொடி கிடைப்பதில்லை.

விண்ணப்பத்தோடு நீங்கள் கேட்கும் ஒலிப்பதிவிலும் ஒரு மாற்றம் செய்யலாம். தேர்ந்தெடுத்து மெருகேற்றிய மூன்று உருப்படிகளுக்குப் பதிலாக, முதல் சுற்றில் தேறியவர்களை நேரில் அழைத்துப் பத்து நிமிடம் கேளுங்கள். செலவும் அலைச்சலும் கூடும் என்று தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளைக் காணொளியில் நேரடியாகக் கேட்கலாம். அழகான ஒலிப்பதிவுகளுக்குப் பின்னால் யார் தேடுகிறார்கள், யார் ஒப்பிக்கிறார்கள் என்று உங்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நடுவர்களாக வர மூத்த வித்துவான்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். நான் பேசிப்பார்த்த சிலர், இப்படிக் கேட்கத் தங்களை யாரும் அழைக்கவில்லையே என்றுதான் வருந்தினார்கள்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு வைக்காது. முதல் ஆண்டில் சில கச்சேரிகள் சுமாராக இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள். பெற்றோர் சிலர் கோபத்தோடு கடிதம் எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் எனக்கும் பங்கு கொடுங்கள். எந்த ஊரானாலும் வந்து பேசுகிறேன். பட்டியல் இல்லாத கச்சேரிக்கு வயலின் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சன்மானம் வேண்டாம். எத்தனை மணிக்கு வரவேண்டும், பாடுகிறவருக்கு என்ன சுருதி என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பக்கவாத்திய வயலின்காரன் ஒருவன்